பிந்தி எரிந்த பல்ப்

பாலேஸ்வரியைப் பெண்பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் உத்தியோகம். தேத்தண்ணித் தட்டத்தை வைத்துவிட்டு உள்ளே போகவேண்டியவள் அங்கேயே நின்று, "கோண்டாவிலிலை ரெயின் நிக்குதெண்டு இணுவில் கைகாட்டிக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவரைக் கேட்டாள். மாப்பிள்ளை ரிக்கற் கொடுக்கிற பகுதி. அவருக்குத் தெரியவில்லை. தேத்தண்ணி ஆறமுதலே எழும்பிப் போனார்கள், பிறகு மறுமொழியும் வரவில்லை. தாய் அறைக்குள் இருந்து அழ, இவள் அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு இணுவில் ஸ்டேசனுக்குப் போய், ஸ்டேசன் மாஸ்டரைப் பிடித்து, கைகாட்டிக் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு வந்தாள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அவளுடைய சீவியம் முழுக்க இதுதான். ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் நேரம் காலம் பார்க்கமாட்டாள், ஆள் யார் என்றும் பார்க்கமாட்டாள். நான் சிவக்கொழுந்து, அவளுக்குப் பக்கத்து வளவு. நடுவில் தென்னங்கிடுகு வேலி. அந்த வேலியில் அவளுடைய தலை வருகிற அளவுக்கு ஒரு பொட்டு, ஓட்டை. எத்தனையோ தரம் அடைத்துப் பார்த்தேன். அடைத்த மறுநாளே, "அக்கா, இந்தக் கிடுகு ஏன் ஒரு பக்கம் மட்டும் கறுக்குது?" என்று அதே பொட்டால் தலை வரும். அவளோடு கோபிக்கவும் ஏலாது. கோபித்தால், கோபம் வந்தால் ஏன் காது சுடுகிறது என்று கேட்பாள்.

கொழும்பில் ஒரு கம்பனியில் கொம்பியூட்டர் பகுதியில் வேலை செய்தவள். எண்பத்திமூன்று கலவரத்தில் அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினபோது அவளுடைய பையில் இரண்டு சீலையும் ஒரு தடித்த கொம்பியூட்டர் புத்தகமும் இருந்தன. நகை நட்டை விட்டுவிட்டுப் புத்தகத்தைக் காவி வந்தவள் என்று தாய் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லி ஒப்பாரி வைத்தா. பிறகு நல்லூரில் இராசநாயகம் மாஸ்டர் ரியூசன் கொடுக்கிற ரியூட்டறிக்கு ஒரு கொம்பியூட்டர் வந்தது. அதைப் படிப்பிக்க ஊரில் இவளை விட்டால் ஆள் இல்லை.

இனி என்னுடைய மனுசனைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏரம்பு என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. தவில். நாதஸ்வரம் முத்துக்குமாரு அண்ணை. இரண்டு பேரும் மீசை முளைக்க முந்தியே சோடி சேர்ந்தவர்கள். எண்பத்தேழில் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கைக்குள் ஒரு பீரங்கிச் செல் விழுந்தது. இவர் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றபடியால் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. காது மட்டும் போய்விட்டது, இரண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காதுக்குள் வைக்கிற கருவி எடுப்பித்தேன். சந்நிதிக் கோயிலில் நேர்த்தி வைத்தேன். ஒவ்வொரு தரமும் இவர் நம்பினார், ஒவ்வொரு தரமும் அதற்குப் பிறகு ஒரு கிழமை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார். தவிலைச் சீலையில் சுற்றிக் கூரை வளையில் தொங்கவிட்டாயிற்று. அதற்குக் கீழே நான் நெல்லுப் பானை வைத்திருந்தேன்.

எங்கள் அம்மன் கோயிலில் ஏழாம் திருவிழா மேளம் இவருடைய தகப்பன் காலத்திலிருந்து இந்த வீட்டு முறை. இரண்டு வருடம் இவருக்காக வேறு ஆள் வந்து வாசித்தது. மூன்றாம் வருடம், தொண்ணூறு தையில், தர்மகர்த்தா வீட்டுக்கே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, இந்த முறையும் ஏலாதெண்டால் முறையை மாத்திக் குடுக்கத்தான் வேணும். ஊர் கதைக்குது." அவர் நல்ல மனுசன். அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது. இவர் முற்றத்தில் நின்று எங்கள் இரண்டு பேருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் விளங்கிவிட்டது. அன்று இரவு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் வேலிப் பொட்டால் தலை வந்தது.

"அக்கா, அண்ணைக்குக் காதாலை கேக்காது. கண்ணாலை கேட்டால் என்ன?"

"உனக்கென்ன விசரே?" என்றேன்.

விசர்தான். நாதஸ்வரத்துக்கு முன்னால் ஒரு மைக். மைக்கின் வயர் கொம்பியூட்டருக்குள் போகும். வாசிக்கிறது எந்தச் சுரம் என்று கொம்பியூட்டர் கண்டுபிடிக்கும். மறுபக்கத்தில் ஏழு ரோச் பல்ப் வரிசையாக இருக்கும். ச வாசித்தால் முதல் பல்ப், ரி வாசித்தால் இரண்டாவது. இவர் பல்பைப் பார்த்து வாசிக்கவேண்டியதுதானாம். அவள் ரியூட்டறியில் ஏற்கெனவே செய்தும் பார்த்துவிட்டாள். பல்ப் எரிகிறது, ஆனால் ஆடி அசைந்துதான் எரிகிறது.

"இப்ப அந்தப் பெட்டிக்குள்ளை கிடக்கிற சிஸ்ரம் எங்கடை அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் மாதிரி, அக்கா. வேலை செய்யும், ஆனால் தன்ரை வசதிக்குத்தான் செய்யும். ரொறன்ரோவிலை என்ரை தம்பி படிக்கிற இடத்திலை வேறை சிஸ்ரம் ஒண்டு கிடக்காம். ரியல் ரைம் எண்டு சொல்லுவினம். கேட்ட உடனை மறுமொழி சொல்லவேணும், அதுதான் அதின்ரை சட்டம். சரியான மறுமொழியெண்டாலும் பிந்திச் சொன்னால் அது பிழை. ஆரோ வந்த ஆளிட்டைத் தம்பி பிளொப்பியைக் குடுத்து விட்டிருக்கிறான். எங்கடை பெட்டி அதைத் தாங்குமோ தாங்காதோ எண்டுதான் தெரியேல்லை. சோதிச்சுப் பாக்கவேணும்."

"தாங்காட்டில்?"

அவளுக்கு அது ஒரு கேள்வி, அவ்வளவுதான். எனக்கு அது சுவரைப் பார்த்துப் படுக்கிற மனுசன். "இவரிட்டை ஒண்டும் சொல்லக்கூடாது. பல்ப் எரியிறதைப் பாக்க ஆள் வேணுமெண்டு மட்டும் சொல்லு. திரும்பவும் நம்பவைச்சு ஏமாத்தினியெண்டால் இந்தப் பொட்டுக்கு முள்ளுக்கம்பி அடிப்பன்" என்றேன்.

சொல்லாமல் விட்டால் இவருக்குத் தெரியாதா? காதுதான் போனது, புத்தி போகவில்லை. முத்துக்குமாரு அண்ணை நாதஸ்வரப் பெட்டியோடு சைக்கிளில் வந்து நின்றதைக் கண்டதும் இவருடைய முகம் மாறினது. ஆனால் இவரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு நல்லூருக்கு உழக்கினார். நான் கூடப் போகத்தான் வேண்டும். இந்திய ஆமி இன்னும் முழுதாகப் போகவில்லை. சென்றியில் நிற்கிறவன் நில் என்று கத்தினால் இவருக்குக் கேட்காது.

இராசநாயகம் மாஸ்டர் அந்தக் கொம்பியூட்டரை வைத்திருந்த சீரைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். செருப்பை வெளியே கழற்றவேண்டும். பெட்டிக்கு ஒரு உறை, உறைக்கு மேலே இன்னொரு உறை. வெள்ளிக்கிழமையில் சாம்பிராணி. பெட்டியின் முகப்பில் ஒரு பிள்ளையார் படம் ஒட்டியிருந்தது. உள்ளே போகிற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கதிரையில் இருப்பார்கள். பாலேஸ்வரி தொடுவதில்லை. நான் தொட்டேன். மனதுக்குள் இருந்த அவ்வளவையும் சொல்லி, நன்றாக அழுத்தித் தொட்டேன். நான் எதையும் மெல்லத் தொடுகிற ஆள் இல்லை. வீட்டில் சட்டி பானை எல்லாம் அதற்குச் சாட்சி.

பாலேஸ்வரி பிளொப்பியைப் போட்டாள். திரையில் என்னென்னவோ எழுத்து ஓடி நின்றது. "எழும்பீற்று" என்றாள், பிள்ளை நித்திரையால் எழும்பினதுபோல. முத்துக்குமாரு அண்ணை நாதஸ்வரத்தின் சீவாளியை நனைத்து, கல்யாணியில் ஏறி இறங்கினார். பல்புகள் அவரோடு கூட ஏறி இறங்கின. இவர் முத்துக்குமாரு அண்ணைக்கு நேரே முன்னால் இருந்தார். கண் அங்கே ஒருதரம் இங்கே ஒருதரம் போய் வந்தது. கடைசியில், தன்னுடைய சத்தம் தனக்கே தெரியாத பெரிய குரலில், "சரி. ஒத்துப் போகுது" என்றார்.

அன்று பின்னேரம் நான் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தால், இவர் பழைய சீலைத்துண்டைக் கிழித்துப் பசையில் தோய்த்து விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறார். தவில் அடிக்கிற விரலுக்குக் கூடு. இரண்டு வருடத்துக்கு மேலாக அந்தப் பசை வாசம் எங்கள் வீட்டில் இல்லை. நான் திரும்பி வந்து, அடுப்பை ஊதுகிற சாட்டில் அழுதேன்.

இரண்டாம் முறை போனோம். அதே அறை, அதே பிளொப்பி, அதே கல்யாணி. முத்துக்குமாரு அண்ணை நாலு பிடி பிடிக்கமுதலே இவர் தலையை ஆட்டினார். "பிந்துது."

பாலேஸ்வரி நிறுத்தி, திரும்பத் தொடங்கினாள். "பிந்துது." மைக்கைக் கிட்டக் கொண்டுபோனாள், தள்ளி வைத்தாள். "பிந்துது. ரி போய் க வந்தாப் பிறகுதான் ரி எரியுது." அதற்கு அடுத்த முறை எனக்குக் காய்ச்சல், தர்மகர்த்தாவின் மகன் கூடப் போனான். அன்றைக்கும் பிந்துது. இவர் வீட்டுக்கு வந்து, பாதி காய்ந்த கூடுகளை எடுத்து அடுப்புச் சாம்பலுக்குள் போட்டார். பிறகு பாயை விரித்தார். சுவர்ப் பக்கம் திரும்பினார்.

காய்ச்சலும் மண்ணாங்கட்டியும் என்று எழும்பி வேலிக்குப் போனேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். கோதாரிப் பெட்டி என்றேன், உன்னுடைய விளையாட்டுக்கு என்னுடைய மனுசன்தானா கிடைத்தார் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பொட்டால் எட்டிப் பார்த்து, "அக்கா, முதல்நாள் நீங்கள் அறைக்குள்ளை என்னென்ன செய்தனீங்கள்?" என்றாள்.

"நான் என்னத்தைச் செய்தன்? செருப்பைக் கழட்டினன். உன்ரை முகத்தைப் பாத்தன்."

"ஒரு பெட்டி ஒருநாள் சரியா ஓடி, அடுத்தநாள் பிந்தக்கூடாது. ஏலாதெண்டால் எண்டைக்கும் ஏலாது. கரண்ட் குறைஞ்சதோ எண்டு பாத்தன், இல்லை. சூடோ எண்டு பாத்தன், இல்லை. எனக்கு நித்திரையில்லை அக்கா."

அவளுக்கு நித்திரையில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபத்திலேயே சிரித்தேன். அதுதான் நான் செய்த பிழை. சிரித்தால் அவள் விடமாட்டாள். அடுத்த நாள் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் நல்லூருக்குப் போனோம்.

மாஸ்டர் உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். இந்த முறை பிள்ளையாரைத் தொடுகிற எண்ணம் எனக்கு இல்லை, அவரோடும் கோபம். "உங்கடை பிள்ளையாருக்கும் இண்டைக்கு வயிறு ஊதிக் கிடக்கு, மாஸ்டர். மோதகம் கூடிப்போச்சுப்போலை. நாங்கள் முதல் வந்தண்டு திரும்பிப் போகேக்குள்ளை வத்தித்தான் கிடந்தவர்" என்றேன், வயிற்றெரிச்சலில்.

பாலேஸ்வரி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையாரைப் பார்த்தாள். குனிந்து, படத்தின் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வயிறு மெய்யாகவே புடைத்திருந்தது.

"மாஸ்டர், இந்தப் படத்துக்குப் பின்னாலை என்ன?"

மாஸ்டருக்கு முகம் கறுத்தது. "அதொரு பொத்தான். வேகம் கூட்டிறதாம். மெசினை எந்த நேரமும் வேகமா ஓடவிட்டால் தேஞ்சுபோகுமல்லே. பெடியள் கைவைச்சுப் போடுவாங்களெண்டுதான் பிள்ளையாரை ஒட்டினனான். பிள்ளையாரிலை ஆரும் கைவைக்கமாட்டினந்தானே."

கைவைக்கமாட்டார்களாம். அந்த ரியூட்டறியில் எல்லாரும் கைவைக்கிற ஒரே இடம் அதுதான். பிள்ளைகள் பயபக்தியாகத் தொட்டார்கள், பொத்தான் அசையவில்லை. நான் தொட்ட தொடுகைக்கு முதல்நாள் உள்ளே போனது, பெட்டி வேகம் எடுத்தது. இரண்டாம் முறையும் நான் தொட்டேன், வெளியே வந்துவிட்டது. காய்ச்சலில் படுத்த அன்று வெளியே வந்தபடியே இருந்தது. பாலேஸ்வரி இதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவளுடைய முகத்தைப் பார்க்கவேண்டும். பெண்பார்க்க வந்த அன்றுகூட அவள் அப்படிச் சிவந்திருக்கமாட்டாள்.

படத்தை உரிக்க மாஸ்டர் விடவில்லை. "பிள்ளையாரை உரிக்கிறதோ? என்ரை ரியூட்டறியிலை நடவாது" என்றார். "உரிக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டு நான் போய், பெருவிரலால் பிள்ளையாரின் வயிற்றை ஒரு அமுக்கு அமுக்கினேன். டிக் என்றது. வயிறு வற்றினது.

அடுத்த நாள் இவரைப் பாயால் எழுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வந்தார், இருந்தார், பார்த்தார். முத்துக்குமாரு அண்ணை மெதுவாகத் தொடங்கி, வேகத்தை இரட்டித்து, திரும்பவும் இரட்டித்தார். இவருடைய விரல்கள் துடையில் தாளம் போட்டன. பிறகு என்னைப் பார்த்து, "இஞ்சேர், அந்தத் தவிலை இறக்கவேணும்" என்றார்.

மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. நாலு மாதமும் நல்லூர்தான். தவில் சத்தம் தாங்காமல் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வந்தார், பிறகு கதிரை கொண்டுவந்து போட்டுக்கொண்டு இருந்து கேட்டார். மாஸ்டரும் மனம் இளகி, திருவிழாவுக்குக் கொம்பியூட்டரை மெத்தை போட்ட வண்டிலில் அனுப்பச் சம்மதித்தார். தர்மகர்த்தாவிடம் நானே போய், முறை எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊருக்கும் சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது?

ஆனியில் திரும்பவும் சண்டை தொடங்கியது. கரண்ட் போனது. முந்தியும் போகும், வரும். இந்த முறை வரவேயில்லை. ஒரு கிழமை பார்த்தோம், ஒரு மாதம் பார்த்தோம். மாஸ்டர் பெட்டிக்கு இரண்டு உறைக்கு மேலே மூன்றாவதும் போட்டுக் கட்டினார். ஜெனரேட்டர் எடுக்கலாம், எண்ணெய்க்கு எங்கே போவது? திருவிழாவைச் சின்னதாகச் செய்வோம் என்று ஊர் சொன்னது. இவர் தவிலைச் சீலையில் சுற்றி வளையில் ஏற்றினார். நான் நெல்லுப் பானையைத் திரும்ப அதற்குக் கீழே கொண்டுபோய் வைக்கவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கொடியேறி இரண்டாம் நாள், பொட்டால் தலை வந்தது.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே?"

"கரண்ட் இல்லை, பெட்டி இல்லை, இப்ப உன்ரை கேள்விதான் குறை. போடி அங்காலை."

"பல்ப் பிந்துது எண்டு அண்ணை சொன்னாரல்லே. என்னத்தை விடப் பிந்தினது?"

"இதென்ன கேள்வி? நாயனத்தை விட."

"நாயனம் அவருக்குக் கேக்காதே, அக்கா."

நான் கையில் இருந்த ஓலைக் கடகத்தைக் கீழே வைத்தேன்.

"பல்ப் எரியமுதலே அடுத்தது என்ன சுரமெண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் பாலேஸ்வரி. "தெரியாட்டில் பிந்துதெண்டு சொல்லேலாது. ரி போய் க வந்தாப் பிறகுதான் ரி எரியுதெண்டாரே, ரி போனதை அவர் எங்கை பாத்தவர்? இவ்வளவு நாளும் நான் பெட்டியைத்தான் சோதிச்சுக்கொண்டிருந்தன். இது என்ரை மண்டையிலை ஏறேல்லை."

அந்தக் கணமே முத்துக்குமாரு அண்ணையைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினேன். முற்றத்தில் இரண்டு பேரையும் எதிரும் புதிருமாக இருத்தினோம். முந்தி, காது இருந்த காலத்தில், இவர் பக்கத்தில் இருந்துதான் வாசிப்பார். அண்ணையின் முகத்தைப் பார்க்கத் தேவையே இருந்ததில்லை. ரியூட்டறியில்தான் நேரே முன்னால் இருந்தது, பல்பையும் ஆளையும் ஒத்துப் பார்க்க. முத்துக்குமாரு அண்ணை வாசித்தார். இவர் அந்த விரல்களையும் கன்னத்தையும் பார்த்து, பெரிய குரலில், ச, ரி, க என்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்றும் தப்பவில்லை. நடுவில் தானே நிறுத்தி, தன்னுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாருடைய கையோ என்பதுபோல. முத்துக்குமாரு அண்ணை சீவாளியைத் துடைக்கிற சாட்டில் கண்ணைத் துடைத்தார்.

ஏழாம் திருவிழா. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம். வசந்த மண்டபத்தில் எதிரெதிரே இருந்து வாசித்து முடித்தார்கள். குறை சொல்ல ஆள் இல்லை. பிறகு அம்மன் வீதிக்கு எழுந்தருளவேண்டிய நேரம் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. வீதியில் மேளம் சுவாமிக்கு முன்னால் நடந்து போகும். நாதஸ்வரம் முன்னே, தவில் பின்னே. இவருக்கு அண்ணையின் முதுகுதான் தெரியும். இவருக்கும் அது விளங்கிவிட்டது, கை தவிலில் அப்படியே நின்றது. தர்மகர்த்தா என்னைப் பார்த்தார்.

முத்துக்குமாரு அண்ணை நாதஸ்வரத்தை வாயில் வைத்தார். இவரைப் பார்த்துத் திரும்பினார். திரும்பினபடியே, பின்பக்கமாக ஒரு அடி வைத்தார். பிறகு இன்னொரு அடி.

மேற்கு வீதியில் மழை அரித்த பள்ளக் கிடங்கு இருக்கிறது. அண்ணை அதை நெருங்கினதைக் கண்டதும் பாலேஸ்வரி சனத்துக்குள்ளால் ஓடிப்போய், அண்ணையின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "இடக்காலைத் தூக்கி வையுங்கோ அண்ணை. கல்லு. இனிச் சமம்" என்று சொல்லிச் சொல்லி நடத்திக்கொண்டு போனாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அறுபது வயது மனுசன், ஒரு வீதி முழுக்கப் பின்னுக்கு நடந்து வாசித்தார். இவர் அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் அடித்தார். நான் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

ஒரு அடிகூடப் பிந்தவில்லை.